ரோட்டுக்குக் கிழக்கே காவல், மேற்கே கருணை

போலீசுக்குப் பணம் கொடுத்தால் அடிதடி குறையுமா, சமூக நலத்துக்குப் பணம் கொடுத்தால் குறையுமா என்று மேலிடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. விடை கண்டுபிடிக்கக் கல்வராயன் மலையில் கொன்னையூத்து என்ற ஊரைப் பிடித்தார்கள். அங்கே அடிதடி ஜாஸ்தி என்பதால் அல்ல. ஊர் நடுவே ஒரு தார் ரோடு நேராகப் போகிறது. மலையில் நேரான ரோடு கிடைப்பது கஷ்டம். மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட வசதியாக இருந்தது.

இதற்கென்றே கள்ளக்குறிச்சியில் ‘வன்முறைக் குறைப்பு ஒப்பீட்டு அலுவலகம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ராஜதுரை என்பவரைத் தனி அதிகாரியாகப் போட்டார்கள். அவர் தன் வாழ்நாளில் ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதனால் நடுநிலையாக இருப்பார் என்று தேர்வுக் குழு நினைத்தது.

ஏற்பாடு இதுதான். ரோட்டுக்குக் கிழக்கே போலீசுக்கு மட்டும் பணம். மேற்கே சமூக நலத்துக்கு மட்டும் பணம். போலீஸ் மேற்கே போகக் கூடாது, நலத்துறை கிழக்கே வரக் கூடாது. போனால் ஆய்வு கெட்டுவிடும். வருஷக் கடைசியில் எந்தப் பக்கம் வெட்டு, குத்து, அடி கம்மியோ அந்தத் துறைக்கே மாவட்டம் முழுவதற்குமான பணம்.

தொடக்க விழா மேடையை ரோட்டின் குறுக்கே போட்டார்கள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. மலைக்கு வரும் பஸ் மேடை வரை வந்து நின்றுவிட்டது. அதில் வந்தவர்களுக்கு வேறு வழியில்லாததால் கூட்டம் நன்றாகச் சேர்ந்தது.

முதலில் இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் பேசினார். “இன்னியிலருந்து கெழக்குப் பக்கம் ஒரு குத்தம்கூட நடக்காது. அப்படி மீறி நடந்தா, அது எங்க கணக்குல வராம பாத்துக்க வேண்டியது எங்க பொறுப்பு.” எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சில் ஏதோ இடிப்பதாக யாருக்கும் படவில்லை. அவருக்கும் படவில்லை.

அடுத்து நலத்துறை அலுவலர் அம்சவள்ளி பேசினார். “அடிக்கிறவர் கெட்டவர் இல்லைங்க. அவரும் ஒரு குழந்தைதான். அடி வாங்கறவங்க மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா, அந்தக் குழந்தைய நாங்க நல்லபடியா வளர்த்துக் குடுத்துருவோம். நிதி விடாம வரணும், அவ்ளோதான்.” பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நல்ல மனசுக்காரர்.

கடைசியாக ராஜதுரை. “எந்தப் பக்கம் ஜெயிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுட்டா என் ஆபீசை மூடிருவாங்க. அதனால நிதானமாத் தெரிஞ்சுக்கலாம்.”

கூட்டத்தின் பின்னால் தைலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் சுபாஷ், மருமகள் கோகிலவாணி. மகன் குடித்துவிட்டு வந்து மருமகளை அடிக்கிறான். அடிக்காத நாளை எண்ணுவதுதான் சுலபம். போன வாரம் அரிவாளை எடுத்து வீசினான். கோகிலவாணி நகர்ந்துகொண்டாள். கதவு நகரவில்லை, வெட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த முறை கதவாக இருக்காது என்று தைலம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கோகிலவாணிக்குப் போக்கிடம் கிடையாது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை.

ராஜதுரை காரில் ஏறும்போது தைலம்மாள் ஓடிப்போய் நின்றாள்.

“சார், எம் பையன் எம் மருமவள கொன்னுடுவான் சார். நீங்க ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஒருநாள் ஒண்ணா எங்க வூட்டுக்கு வாங்க சார். ஒருத்தரு மெரட்டுங்க, ஒருத்தரு நல்ல வார்த்த சொல்லுங்க. போலீஸ்னா பயப்படுவான். அப்புறம் பேசுனா கேப்பான்.”

ராஜதுரை பொறுமையாகக் கேட்டார். “ரெண்டு பேரும் ஒண்ணா வந்து அவன் திருந்திட்டான்னா, யாரால திருந்துனான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

“திருந்துனா சரிதானே சார்?”

“அது உங்களுக்குச் சரி. ஆய்வுக்கு? உங்க வீடு எந்தப் பக்கம்?”

“கெழக்கால சார்.”

“அப்ப போலீஸ். நல்லா பாத்துப்பாங்க.” கார் கிளம்பியது.

புறக்காவல் நிலையம் பளபளவென்று இருந்தது. வாசலில் கேமரா, புது ஜீப், ஜீப்பின் மேல் மைக். சுவரில் ஒரு போர்டு: ‘கிழக்குப் பகுதி வன்முறை – 0’. தினமும் காலையில் ஒரு காவலர் அந்த முட்டையை ஈரத்துணியால் அழித்துவிட்டு, மறுபடி முட்டை போடுவார்.

“இன்னாம்மா?” என்றார் வெங்கடேசன்.

தைலம்மாள் சொன்னாள்.

“அருவாள எடுத்தான். செரி. வெட்டுனானா?”

“கதவுல பட்டுது சார். அவ நவுந்துக்கினா.”

“அப்ப வெட்டல.”

“வெட்டுவான் சார்.”

“வெட்டுவான்றது குத்தம் இல்லம்மா, வெட்டுனாத்தான் குத்தம். அதுக்கு முன்னாடி வந்தியானா அது தடுப்பு. தடுப்பு எங்களுது இல்ல, மேக்கால இருக்கற அந்தம்மாவுது.”

“அப்ப வெட்டுனதுக்கு அப்புறமா வரட்டுமா சார்?”

வெங்கடேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஐயையோ, அப்ப வந்துடாத. போர்டப் பாத்தியா? எவ்ளோ கஷ்டப்பட்டு முட்டையக் காப்பாத்திக்கினு இருக்கறோம்! உன் ஒரு வூட்டால மாவட்ட போலீசுக்கே பணம் இல்லாம பூடும். பெரிய மனுஷி மாதிரி நடந்துக்கோ.”

அவளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பாதுகாப்பு உபகரணம் என்று ஒரு விசிலை எடுத்துக் கொடுத்தார்.

“அடிக்க வந்தான்னா ஊதச் சொல்லு.”

“ஊதுனா வருவீங்களா சார்?”

“ஊதுனா அவனே பயந்துக்குவாம்மா. நாங்க எதுக்கு?”

வீட்டில் கோகிலவாணி விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழ் உதடு வீங்கிப் பிளந்திருந்தது. “வாயே கிழிஞ்சி கெடக்குது. எதால அத்த ஊதறது?” என்று சிரித்தாள். சிரித்தது வலித்ததால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் தைலம்மாள் ரோட்டைத் தாண்டினாள். மேற்கே ‘மலர்ச்சி மையம்’. சுவரெல்லாம் சிரிக்கிற சூரியன்கள். அம்சவள்ளி அவளை உட்கார வைத்து, சுண்டல் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். தைலம்மாளின் கையை அப்படி யாரும் பிடித்து வெகு நாள் ஆகியிருந்தது. நடக்கும் என்று நம்பிவிட்டாள்.

“வீடு எங்கம்மா?”

“கெழக்கால மேடம்.”

அம்சவள்ளி கையை விட்டார். விடும்போதும் அன்பாகத்தான் விட்டார். “எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குதும்மா. ஆனா உங்க பையனுக்கு நான் புத்தி சொல்லி அவர் திருந்திட்டாருன்னு வெச்சுக்கங்க. கெழக்குல அடிதடி குறைஞ்சிரும். அந்தப் பேரு போலீசுக்குப் போயிரும். அப்புறம் எங்களுக்கு நிதி எப்படி வரும்? நிதி இல்லன்னா உங்க மருமக மாதிரி எத்தனையோ பொண்ணுங்களுக்கு யாரு இருக்கா?”

“அப்ப எம் மருமவளுக்கு?”

“தைரியமா இருக்கச் சொல்லுங்க. அவங்க படற கஷ்டம் வீண் போகாது.”

ஆவணி முடிந்து புரட்டாசி வந்தது. சாமை கதிர் பிடிக்கிற காலம். கொன்னையூத்தில் வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் எல்லோருக்கும் விதைக்கிற காடு மேற்கே, ஓடைக்கு அந்தாண்டைதான். பகலில் குருவி வரும், இருட்டினால் காட்டுப்பன்றி வரும். அதனால் கதிர் பிடித்தது முதல் அறுப்பு வரை குடும்பம் குடும்பமாகச் சட்டிபானை, கோழியோடு போய்க் காட்டில் கொட்டகை கட்டித் தங்குவார்கள். பரண் போட்டு உட்கார்ந்து காவல் காப்பார்கள். கோடு போட்டவர்கள் ஊரைக் கணக்கெடுத்தது சித்திரையில். அப்போது எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். புரட்டாசியில் எங்கே இருப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை வலியப் போய்ச் சொல்கிற பழக்கம் மலையில் இல்லை.

கிழக்கு காலியானது. முதல்முறையாகப் போர்டில் இருந்த முட்டை உண்மையானது.

ராஜதுரை ஆய்வுக்கு வந்தார். கிழக்குத் தெருக்களில் நடந்து பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. பூட்டின கதவுகள். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது, அதுவும் குரைக்கவில்லை. ‘காவல்துறையின் இருப்பால் மக்கள் ஒழுக்கமாக வீட்டுக்குள் இருக்கிறார்கள்; பிராணிகளிடமும் மாற்றம் தெரிகிறது’ என்று குறித்துக்கொண்டார்.

மேற்கே தைலம்மாள் மலர்ச்சி மையத்துக்கு ஓடினாள். “மேடம், நாங்க மேக்கால வந்துட்டம்! இப்ப எம் பையன கூப்புட்டுப் பேசுங்க மேடம்.”

அம்சவள்ளியின் முகத்தில் ரத்தம் இல்லை. அன்று காலையிலிருந்து வந்த எல்லோரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிழக்கத்திச் சண்டைகள் மொத்தமும் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டன.

“எப்பம்மா திரும்பிப் போவீங்க?”

“அறுப்பு முடிஞ்சிதாங்க.”

“கொஞ்சம் சீக்கிரமா அறுத்துக்க முடியாதா?”

“கதிரு முத்தணுமே மேடம்.”

அம்சவள்ளி அந்த வாரமே நிதியை எடுத்துப் பட்டாசு வாங்கிக் கொடுத்தார். அதை வெடித்துப் பன்றியை விரட்டிவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடட்டும் என்று. கணக்கில் ‘மன அழுத்த மேலாண்மை’ என்று எழுதினார்கள். விஷயம் வெங்கடேசனுக்குத் தெரிந்தது. உடனே ரோட்டில் தடுப்பு வைத்து, ஜீப்பை நிறுத்தி, இரவு பகலாகக் காவல் போட்டார். அதுவரை ஸ்டேஷன் வாசலைத் தாண்டாத ஜீப் அது. கொன்னையூத்தில் போலீஸ் கண் விழித்தது அப்போதுதான். யாரும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாதே என்று விழித்தது.

பக்கத்துக் காட்டு மாதன் உப்பு எடுக்கப் போய் மாட்டிக்கொண்டார். “எம் வூட்டுக்கு நான் போவக்கூடாதா சார்?”

“போலாம். உள்ள போயி சண்ட போட மாட்டன்னு சொல்லிட்டுப் போ,” என்றார் காவலர்.

“பொண்டாட்டி காட்டுல கீறா. வூட்டுல உப்புப் பானதான் கீது. அதாண்ட சண்ட போட்டா பரவால்லயா சார்?”

காவலர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் அம்சவள்ளி சுபாஷைக் கூப்பிட்டார். தைலம்மாளின் வேண்டுதல் பலித்ததுபோல இருந்தது. மையத்தில் மத்தியானம் முட்டையோடு சாப்பாடு. சுபாஷ் ஒரு நாள் விடாமல் போனான். “கோவம் வந்தா என்ன பண்ணணும்?” என்று கேட்பார்கள். “மூச்ச இழுத்து வுட்டுட்டு பத்து வரிக்கும் எண்ணணுங்க மேடம்,” என்பான். சரியாகச் சொன்னால் இன்னொரு முட்டை உண்டு. அவன் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. கொட்டகையில் கோகிலவாணி தன்னைப் பேசிவிட்டதை எல்லாம் மையத்தில் சொல்லி அழவும் செய்தான். பார்த்தவர்களுக்கு மனசு இளகியது. திரும்பி வரும் வழியில் குடித்துவிட்டு வந்து அடித்தான். முன்னே சும்மா அடிப்பான். இப்போது பத்து வரை சத்தமாக எண்ணிவிட்டு அடித்தான்.

தைலம்மாள் போய்ச் சொன்னாள்.

“எண்ணறாரா?” அம்சவள்ளி பூரித்துப்போனார். “இதைத்தாம்மா முன்னேற்றம்னு சொல்றோம்.”

அந்த முன்னேற்றத்தை ராஜதுரைக்குக் காட்ட ஒரு விழா வைத்தார்கள். சுபாஷுக்கு நீலப் பனியன் ஒன்று கொடுத்தார்கள். முதுகில் ‘வன்முறையற்ற வாழ்வின் தூதர்’ என்று அச்சடித்திருந்தது. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சால்வை. கோகிலவாணியின் தோளிலும் கையிலும் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. போட்டோ எடுப்பவர் சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். படம் நன்றாக வந்தது.

காட்டுக்குத் திரும்பும்போது கோகிலவாணி சொன்னாள். “சால்வ நல்லா கெட்டியா கீது அத்த. இன்னிக்கு அடிச்சான்னா வலி கம்மியாத்தான் இருக்கும்.”

“வாயக் கழுவுடி. எதையாவது சொல்லிக்கினு.”

“நீதான அத்த அலயற. அங்க ஓடற, இங்க ஓடற. நீ பெத்தவன வுட்டுட்டு எனக்காவ நாயா அலயற. உன்னாட்டம் மாமியாரு யாருக்குக் கெடைக்கும்? பையன்தான் செரியில்ல.”

தைலம்மாள் மருமகளின் தலையில் ஒட்டியிருந்த விழாக் காகிதத்தை எடுத்துப் போட்டாள்.

சாமை முற்றிவிட்டிருந்தது. ஒரு மத்தியானம் கோகிலவாணி பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக் குருவி ஓட்டிக்கொண்டிருந்தாள். சுபாஷ் நீலப் பனியனோடு ஆடிக்கொண்டே வரப்பில் வந்தான்.

“அத்த, தூதரு வராரு, தடுக்குப் போடு!” என்று மேலிருந்து கூவினாள். பக்கத்துக் காட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

சுபாஷ் பரண்மேல் ஏறினான். எண்ணவில்லை. முட்டுக்கொடுத்திருந்த கட்டையைப் பிடுங்கி அவள் தலையில் அடித்தான். கீழே விறகு ஒடித்துக்கொண்டிருந்த தைலம்மாள் நிமிர்ந்தபோது அவன் கை இரண்டாவது தடவை இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கோகிலவாணி கதிர்மேல் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. தைலம்மாள் ரோட்டுக்கு ஓடினாள். ஜீப் நின்றிருந்தது.

“மண்ட ஒடஞ்சி கெடக்குறா, வண்டிய எடுங்க சார்!”

“எங்க?”

“காட்டுல சார்!”

“மேக்கால நாங்க வரக்கூடாதும்மா. எங்களுக்கு உத்தரவு இல்ல. அந்த மேடத்தப் போயிக் கேளு.”

மலர்ச்சி மையம் பூட்டியிருந்தது. எல்லோரும் கள்ளக்குறிச்சியில் ‘மேற்கின் வெற்றி’ என்ற தலைப்பில் பேசப் போயிருந்தார்கள். தைலம்மாள் மறுபடி ரோட்டுக்கு வந்து, தடுப்பின் மேல் தலையை வைத்து மோதிக்கொண்டு கத்தினாள். காவலர் பயந்துபோய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் ராஜதுரைக்குப் போட்டார். ராஜதுரை அம்சவள்ளிக்குப் போட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் போலீஸ் ஜீப்பும் நலத்துறை வண்டியும் ஒன்றாக அந்தக் காட்டுக்கு வந்து நின்றன. தைலம்மாள் முதல் நாளிலிருந்து கேட்டதும் அதுதான்.

கோகிலவாணியை ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்து மலையிறக்கினார்கள். மலையடிவாரம் தாண்டும்போது தைலம்மாளின் மடியில் இருந்த தலை கனத்துப்போனது. வெங்கடேசன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார்.

“கீழ எறங்குனதுக்கு அப்புறம்தான போச்சு?” என்று அம்சவள்ளி கேட்பது தைலம்மாளுக்குக் கேட்டது.

“ஆமா மேடம். சமவெளி. உங்க பக்கமும் இல்ல, எங்க பக்கமும் இல்ல.”

 ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு அதுவரை இல்லாத மரியாதை வந்தது.

மறுநாள் இரண்டு துறையும் சேர்ந்து ஒரே அறிக்கை கொடுத்தன. குருவி ஓட்டும்போது பரணிலிருந்து தவறி விழுந்ததாக.

“நான் பாத்தன் சார்,” என்றாள் தைலம்மாள். “அவந்தான் அடிச்சான். எங் கண்ணால பாத்தன்.”

“பெத்த புள்ளயவே கொலகாரன்றியே, நாளைக்குக் கோர்ட்டுல மாத்திச் சொல்ல மாட்டன்னு இன்னா நிச்சயம்?” என்றார் வெங்கடேசன்.

“மாத்த மாட்டன் சார்.”

“எல்லா அம்மாவும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க.”

அம்சவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அதிர்ச்சியில நடக்காதது எல்லாம் நடந்த மாதிரி தெரியும்மா. வாரா வாரம் மையத்துக்கு வாங்க. அடிச்சது உங்க நெனப்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா போயிரும்.”

வருஷக் கடைசியில் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் முடிவை அறிவிக்கும் கூட்டம். பயனாளி என்று தைலம்மாளையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கிழக்கில் வன்முறை முட்டை. மேற்கில், சில்லறைச் சண்டைகளைக் ‘குடும்ப உரையாடல்’ என்று மாற்றி எழுதிய பிறகு, அதுவும் முட்டை. இரண்டும் சமம். எது சிறந்தது என்று சொல்ல முடியாததால் ஆய்வை நீட்டிப்பதாகவும், அதுவரை பணம் மொத்தமும் ஒப்பீட்டு அலுவலகத்திடமே இருக்கும் என்றும் ராஜதுரை அறிவித்தார். வெங்கடேசனும் அம்சவள்ளியும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ராஜதுரை மைக்கோடு தைலம்மாளிடம் வந்தார். “சொல்லுங்கம்மா. போலீசா, நலத்துறையா? ரெண்டுல எது உங்களுக்கு ஒத்தாசையா இருந்துச்சு?”

தைலம்மாள் மைக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “எம் பையன் வூட்டுலதான் சார் கீறான்,” என்றாள்.

“குடும்பம் சேர்ந்து இருக்கு. நல்ல விஷயம்,” என்றார் ராஜதுரை கூட்டத்தைப் பார்த்து. பிறகு குனிந்து சொன்னார். “அடுத்த வருஷமும் உங்க வீடு ஆய்வுல இருக்கு. வேற ஊருக்கு எங்கயும் போயிடாதீங்க.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மலை ஏறும்போது பக்கத்தில் இருந்தவள் எந்த ஊர் என்று கேட்டாள். தைலம்மாள் மேலே மலையைக் காட்டினாள்.

வீட்டில் சுபாஷ் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

“எங்க போன? எவ்ளோ நேரமா பசியோட உக்காந்துக்கினு இருக்கறன்.”

“கள்ளக்குறிச்சிக்கு.”

“அங்க இன்னா வேல உனக்கு? எவன்கிட்ட இன்னா சொல்லிட்டு வந்த?”

“ஒண்ணுஞ் சொல்லல.”

“சொல்லியிருக்க மாட்டியா நீ!” என்றான். அவள் அரிசிப் பானைப் பக்கம் திரும்பியபோது அவன் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்தானா என்று தெரியவில்லை.

அரிசி களைந்து உலை வைத்தாள். விறகு ஈரம், பிடிக்கவில்லை. அடுப்பு சுவரை ஒட்டி இருந்தது. அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் ஊத முடியும். தைலம்மாள் உட்கார்ந்து ஊதினாள்.